அகஸ்டினாவின் கதிரை

1909 பங்குனியிலிருந்து பதுளையில் படம் எடுத்துக்கொண்ட பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் அகஸ்டினாவின் முகமே விழுந்தது. அவள் காய்ச்சலில் இறந்து அப்போது எட்டு மாதம். ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத் துரையின் தொப்பிக்குக் கீழே, நீதவானின் கழுத்துப்பட்டிக்கு மேலே, மதராஸிலிருந்து வந்த ராஜபார்ட் நடிகரின் கிரீடத்துக்கு அடியில், மூக்குத்தியோடு அவள்தான் இருந்தாள். அந்த மாதம் அரிசி விலையும் ஏறியிருந்தது. ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியது.

படக்காரர் யேசுரத்தினம் அவள் கணவர். பெரிய மனிதர்களைக் கதிரையில் காக்கவைக்கக் கூடாது என்பது அவருடைய தொழில்முறை. அவர்கள் வெளியே தேநீர் குடிக்கும்போது அகஸ்டினாவை உட்காரவைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பெட்டியின் பின்கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தெளிவாக்குவார். பிறகு, "போதும், எந்திரி" என்பார். அவள் எழுந்து போவாள். துரை வந்து உட்காருவார். இருபது வருடம் இப்படியே போனது. "என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்று அவள் கேட்டதுண்டு. "எடுக்கலாம், இப்ப தொரை நிக்கிறாரு" என்பார். கடைசிவரை அவளுக்கென்று ஒரு படமும் எடுக்கவில்லை, பாவி மனுஷன்.

படங்களில் அவள் முகம் விழத் தொடங்கியதும் யேசுரத்தினம் வழக்கு வரும் என்று பயந்தார். ஒருவரும் கோபிக்கவில்லை, அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. துரையின் தாயார் சீமையிலிருந்து, மகன் இளைத்துவிட்டான் என்று மட்டும் எழுதினாள். நீதவான் இன்னும் ஒரு டஜன் கேட்டார். யேசுரத்தினத்துக்குத்தான் தலை சுற்றியது. எல்லாப் படத்திலும் அவள் இருக்கிறாள், ஒன்றில்கூடத் தன் சேலையில் இல்லை. அப்படி ஒன்று கிடைக்காமல் செத்துப்போவோமோ என்று அழுதார்.

"ஒருத்தரும் இரிக்காம வெறுங் கதிரைய எடுத்துப் பாருங்களே" என்றார் பக்கத்துத் துணிக்கடை புஹாரி.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, கதவைச் சாத்தி, துணிக்குள் தலையை விட்டார். நீலச் சேலையில், தலைகீழாக, அகஸ்டினா உட்கார்ந்திருந்தாள். தலையை வெளியே எடுத்தால் வெறுங் கதிரை. இனிப் படம் பதியும் தகட்டைப் பெட்டியில் செருக வேண்டியதுதான். செருகினால் பின்கண்ணாடி மறைந்துவிடும். அதோடு, தகடு வரும் நேரத்தில் எழுந்து போய்த்தான் அவளுக்குப் பழக்கம். தகட்டைக் கீழே வைத்தார்.

"நீ இரு" என்றார்.

1924இல் பதுளைக்கு ரயில் வந்தது, இன்னும் பெரிய மனிதர்கள் வந்தார்கள். யேசுரத்தினம் துணிக்குள் தலையை விட்டிருக்க, அவர்களைப் புஹாரியே வாசலில் நிறுத்தி, "கதிரையில ஆள் இரிக்கிது, வேற கடைக்குப் போங்க" என்று சொல்லிவிடுவார். அவர்களும் போனார்கள்.