சொந்தக் கையால்

தகராறு சட்டத்தின் ஒரே ஒரு வரியில். பிழைக்க வழியில்லாத நோய் வந்த கைதி வீட்டுக்குப் போய்ச் சாகலாம். ஆனால் மனுவில் அவனே தன் சொந்தக் கையால் கையெழுத்துப் போட வேண்டும். டெல்பர்ட் ப்ரூயிட்டுக்கு வந்ததோ தசைகளைத் தின்னும் நோய். முதலில் கைகளைத்தான் தின்றது. அவர் தலையாட்ட, மனைவி ஆர்லீன் கையெழுத்துப் போட்டாள். செல்லாது என்றது சிறை நிர்வாகம். வழக்கு எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் வரை வந்துவிட்டது.

அங்கே நீதிபதி ஹால்வர்சனுக்கு நான் உதவியாளர். தீர்ப்பில் அவர் பெயர் இருக்கும். வரைவு எழுதுவது, சட்டக் கல்லூரியை முடித்த கையோடு வந்த என்னைப் போன்றவர்கள். மூன்று நீதிபதிகள் ஆர்லீன் பக்கம், மூன்று பேர் சிறை பக்கம். மிச்சம் இவர்தான்.

கொடுமை என்னவென்றால், மாநில சட்டமன்றத்தில் செனட்டராக இருந்த காலத்தில் அந்த வரியை எழுதியதே இவர்தான்.

"ஏன் சார் அப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கைதிக்கே தெரியாம வேற எவனாவது மனு போட்றக் கூடாதுன்னுதான்."

"கை விளங்காதவங்க?"

"சத்தியமா தோணவே இல்ல, டெஸ்."

"அப்புறம் என்ன சார்? அவர விட்ற வேண்டியதுதானே?"

"நான் நெனச்சதுக்கா சபை ஓட்டுப் போட்டுச்சு? எழுதுனதுக்குத்தான் போட்டுச்சு. எழுதுனவன் மனசைத் தோண்ட ஆரம்பிச்சா ஆளாளுக்கு ஒரு சட்டம் சொல்லுவான். மத்தவங்க சட்டத்துக்கெல்லாம் இதத்தானே சொன்னேன்? என் சட்டம்னதும் பேச்ச மாத்தட்டுமா?"

"மனுஷன் செத்துக்கிட்டிருக்காரு சார்."

"தெரியும்மா." கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். கல்நெஞ்சக்காரராக இருந்தால் மனசுக்குள் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

அவர் சொன்னபடியே, சிறை பக்கம் தீர்ப்பு எழுதிக் கொடுத்தேன். 'திருத்துவது சட்டமன்றத்தின் வேலை, எங்களுடையது அல்ல' என்று முடித்திருந்தேன். நடை நன்றாக இருக்கிறது என்றார்.

டெல்பர்ட் சிறை ஆஸ்பத்திரியில் செத்தார். ஆர்லீன் அப்போது பார்வையாளர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் சட்டமன்றம் ஒருமனதாக அந்த வரியைத் திருத்தியது. டெல்பர்ட் சட்டம் என்று பெயரும் வைத்தார்கள். எங்கள் நாட்டில் செத்தவன் பெயரைச் சட்டத்துக்கு வைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்த மாதிரி. விழாவில் ஆளுநர், நினைவுப் பரிசாகக் கொடுக்கும் வழக்கப்படி எழுத்துக்கு ஒரு பேனாவாக மாற்றி மாற்றிக் கையெழுத்திட்டு, முதல் பேனாவை ஆர்லீனுக்குப் பரிசளித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற ஹால்வர்சனும்தான்.

அவள் நேரே அவரிடம் வந்தாள்.

"ஐயா, இத எழுதுனவரு நீங்கதானாமே?"

"ஆமாம்மா."

"என் புருஷன் தலையாட்டி நான் போட்டது, நீங்க நெனச்ச கணக்குல செல்லுமா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "செல்லும்மா."

"அது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமில்ல? அப்புறம் யாரு வந்து சொல்லணும்னு காத்திருந்தீங்க?"

ஹால்வர்சன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு நான் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.