பத்தரையாவது பனை

பிப்ரவரி மாதத்து ஞாயிறு, காலை ஆறு மணிக்கு சேரன்மகாதேவி முக்கில் நின்றவர்கள்: ஒரே நிறப் பனியனில் போலீஸ்காரர்கள் பதினொரு பேர். கல்லூரிப் பையன்கள் இருபதுக்கு மேல். மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் சேக் முகம்மது, தானே தைத்த கால்சட்டையில். தபால்காரர் குற்றாலலிங்கம், ஐம்பத்து நாலு வயது, வெறுங்காலோடு. குளுக்கோஸ் தண்ணீர் டிரம் ஏற்றிய ஒரு வேன். நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் வில்சன். அப்புறம், ஓட வருவதாகச் சொல்லாத ஒருத்தன்: நமச்சிவாயம், நெஞ்சில் எண்பத்தேழாம் நம்பரைக் குத்திக்கொண்டு.

"ஏலே நமச்சி, என்னல இது? முட்டுவலின்னு ஆறு மாசமா சைக்கிள விட்டு எறங்கல நீ."

"ஒனக்குத் துணைக்குத்தாம்ல. முடிஞ்ச மட்டும் வாரேன். முடியலன்னா வேன்ல ஏறிக்கிடுதேன்."

வில்சனுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் விசில் ஊதப்போகிற நேரத்தில் யாரிடம் என்ன கேட்பது? குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கினான்.

பாளையங்கோட்டை மைதானம் வரை இருபத்தொரு கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் மைதானத்துக் கேட்டை மூடிவிடுவார்கள். மில்லில் ஓடுகிறவர்களில் எவன் முதலாவதாகக் கேட்டுக்குள் போகிறானோ அவனுக்கு ஸ்டோரில் பகல் வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு இடம். வில்சன் ஆறு வருடமாக ராத்திரியில் அறுந்த நூலை முடிந்துகொண்டு ஸ்பின்னிங் மெஷினுக்கு நடுவே நடக்கிறவன். 'உங்க அப்பா என்ன செய்யுறாங்க?' என்று டீச்சர் கேட்டதற்கு அவன் மகள் ரெனிஷா, 'தூங்குதாங்க' என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம்.

பகல் வேலைச் செய்தியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன்பே நமச்சியிடம் சொன்னவன் வில்சன்தான். தூரம் அளக்க அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நமச்சி மில் லேபில் இருக்கிறான். அவனுக்கும் ராத்திரி ஷிப்ட்தான். நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி எடுத்து, எடை போட்டு, நூல் எத்தனை மெலிசு என்று நம்பர் சொல்கிற வேலை. பத்து வருடத்தில் அவன் அளவு ஒரு கஜம் பிசகியதில்லை என்று மில்லில் பேச்சு. அவன் சைக்கிளின் முன்சக்கரக் கம்பியில் சிவப்புத் துணி கட்டி, அது சுற்றுவதை எண்ணிக்கொண்டே வாய்க்கால் கரையோடு போனான். கிலோமீட்டருக்கு ஒரு பனையில் சுண்ணாம்பு பூசினான். பத்துக்கு அப்புறம் அரைக் கிலோமீட்டரில் இன்னொன்று; அந்தப் பத்தரையாவது பனையில் திரும்பி வந்தால் இருபத்தொன்று.

தினமும் பிற்பகல் மூன்றரைக்கு நமச்சி வந்து வில்சனை எழுப்புவான். மனைவி கிரேஸி பள்ளிக்கூடத்தில் ஆயா, சாயங்காலம்தான் வருவாள். அதனால் வில்சன் கதவைத் தாழ் போடாமலே தூங்கினான். நமச்சி காலைத் தட்டி, "எந்திலே மாப்ள, பனையெல்லாம் காத்துக் கெடக்கு" என்பான். வில்சன் ஓட, அவன் பக்கத்தில் சைக்கிளில் வருவான். ஜனவரி கடைசியில் வில்சன் ஒரு மணி முப்பத்தாறு நிமிடத்தில் இருபத்தொன்றையும் முடித்தான். நமச்சி அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான்.

"ரோட்டுல கல்லப் பாக்காத. தலயக் குனிஞ்சு ஓடு," என்று நேற்றுகூடச் சொன்னான்.

வில்சன் பத்தமடை தாண்டியதும் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தான். மாமனார் கொடுத்த கைக்கடிகாரத்தையும் பார்த்தான். பனைக்குப் பனை நாலரை நிமிடம் ஆகும். இங்கே கல்லுக்குக் கல் ஐந்தரைக்கு மேல் ஆகியிருந்தது. நான்தான் மந்தமாக ஓடுகிறேன் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினான். நமச்சி கூட்டவில்லை. பின்னால் பைய வந்துகொண்டிருந்தான்.

மேலச்செவலில் இன்னும் கூட்டினான். பிரான்சேரியில் வாயில் இரும்பு ருசி தட்டியது. அப்படியும் கல் பிந்தித்தான் வந்தது. முன்னீர்பள்ளத்துக்கு முன்னால் நமச்சி அவனைத் தாண்டிப் போனான். முட்டுவலிக்காரன் காலை ஒரே சீராக வைத்துப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

'பாளையங்கோட்டை 5' என்ற கல்லருகில் வில்சனின் கால் நின்றது. இந்தக் களைப்பு அவனுக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் முழுத் தூரமும் முடித்துக் குத்துக்காலிடும்போது தொடையில் வரும் அதே நடுக்கம். உடம்பு ஓட்டம் முடிந்துவிட்டது என்கிறது, கல் ஐந்து பாக்கி என்கிறது. கல்லை யாரும் நகர்த்தியிருக்க முடியாது.

சேக் முகம்மது பின்னாலிருந்து வந்தார். "என்ன வே, நின்னுட்டீரு? நடந்தாவது வாரும்."

"பாய், நமச்சி எங்கயாவது ஓடிப் பாத்திருக்கீங்களா?"

"நல்லாக் கேட்டீரு. ஷிப்ட் முடிஞ்சதும் காலையில சிவந்திபட்டி ரோட்டுல தெனமும் கல்லுக் கணக்கு வச்சு எங்கூட ஓடுத ஆளுல்லா அவரு. ஒம்மகிட்டச் சொல்லலியா?"

வில்சன் நடந்தும் ஓடியுமாகப் போனான். வேனில் ஏறவில்லை. மைதானத்துக்குப் போனபோது இரண்டு மணி நேரம் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. கேட் பூட்டியிருந்தது. உள்ளே மேனேஜர் நமச்சியின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நமச்சி வந்தான். எப்போதும்போலக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே. கையில் தைலப் புட்டி.

"கால் எப்படிலே இருக்கு?"

"பத்தரையாவது பனை எத்தன கிலோமீட்டர்?"

நமச்சி புட்டியைத் தரையில் வைத்தான். கொஞ்ச நேரம் அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எட்டரை இருக்கும்."

"எண்ணினது தப்பிட்டோ?"

"எனக்கு எண்ணிக்க தப்பாதுலே." அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. "மொதல்லயே உள்ளதச் சொன்னா ரெண்டாம் வாரம் விட்டுருப்ப. ஒனக்குத் தெம்பு வரட்டும்னுதான் கொறச்சுப் போட்டேன்."

"பொறவு மாத்திப் போட என்ன? ஆறு மாசம் கெடந்ததுல்லா."

"மாத்தணும்னுதான் இருந்தேன்."

"முட்டுவலி?"

நமச்சி தலையைத் தூக்கினான். "எனக்கும் ராத்திரி ஒறக்கம் வேணும்ல, வில்சா. ஒனக்கு மட்டுந்தானா?"

அது பொய்யில்லை. தன்னிடம் நேரே கேட்டிருந்தால் இரண்டு பேரும் ஒன்றாக ஓடியிருக்கலாம். தான் தோற்றிருந்தால் சரி, போ என்று சொல்லியிருக்கலாம். அந்த நினைப்புத்தான் வில்சனுக்குத் தாங்கவில்லை. அவனை அடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கட்டிப் பிடித்துத் தூக்கிய அந்த ஜனவரிச் சாயங்காலம் ஞாபகம் வந்தது.

அடுக்களையிலிருந்து கிரேஸி கேட்டாள்: "அண்ணனுக்குக் காப்பி போடட்டா?"

"வேண்டாம். அவன் கெளம்புதான்."

வில்சன் சுவரைப் பிடித்து எழுந்து, தைலப் புட்டியை நமச்சியின் கையில் திரும்ப வைத்தான். நமச்சி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றான். வில்சன் நிலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நமச்சி படியிறங்கினான்.

ரெனிஷா பாயிலிருந்து கேட்டாள்: "நாளைக்கு மாமாதான எழுப்ப வருவாங்க?"

வில்சன் கதவைச் சாத்தினான். நாதாங்கியைப் போட்டான். ராத்திரியில் கிரேஸி மேல்தாழ் மட்டும்தான் போடுவாள்; இது ஆறு மாதமாகப் போடாததால் துருப்பிடித்து இறுகியிருந்தது; உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டியதும் இறங்கியது. பிறகு சாவியைத் தேடி எடுத்து, உள்பக்கம் பூட்டையும் பூட்டினான்.