மென்று சாப்பிடும் குடும்பம்

தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு மதியம் விநாசித்தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் ஆறு பேர். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற விநாசித்தம்பி. அவர் மனைவி வள்ளிநாயகி. ஒரே மகள் நிரோஷா. அவளைப் பெண் கேட்டு புக்கிட் மெர்தாஜாம் ஊரிலிருந்து கடற்பாலம் கடந்து வந்திருந்த குணாளன். அவனுடைய தகப்பன் ராமதாஸ், தாய் தனலெட்சுமி. ஏழாவது ஆள் கிடையாது. தானும் அன்று அங்கே இருந்ததாக வேறு யாராவது சொன்னால், அது பொய்.

பேச்சு நல்லபடியாகத்தான் போனது. கெலுகோர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பிள்ளைகள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மிச்சம் இருந்தது நாள் குறிப்பது ஒன்றுதான். ராமதாஸ் மூன்றாம் முறை கோழிக்கறி வாங்கிக்கொண்டபோது நிரோஷாவின் தட்டில் பரிமாறியது அப்படியே இருந்தது. விநாசித்தம்பி எப்போதும் நிமிர்ந்துதான் உட்காருவார். இப்போது இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தார்.

"பார்த்தீங்களோ? எங்கட பிள்ளை சாப்பிட ஒரு மணித்தியாலம் எடுப்பாள். ஒரு வாய்க்கு முப்பது தரம் மெல்லுவாள். அள்ளிப் போட்டு விழுங்கிற பழக்கம் இந்த வீட்டில இல்லை. நாலு தலைமுறை ஒழுக்கம்."

ராமதாஸ் தன் தட்டிலிருந்த எலும்புகளை முருங்கைக்காய்ச் சக்கைக்கு அடியில் தள்ளி மறைத்தார்.

தனலெட்சுமி நிரோஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார். செபராங் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்த கண் அது. பெண் கோழியைத் தொடவில்லை. இடியப்பத்தைச் சொதியில் கூழாகப் பிசைந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போதெல்லாம் மோவாய் மேலே போய் வந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒழுக்கம் இல்ல லா. பிள்ளைக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க."

வள்ளிநாயகியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் ஒரு நோயும் கிடையாது," என்றார் விநாசித்தம்பி. "என்ர பிள்ளையில குறை தேடி வந்திருந்தால், வாசல் திறந்துதான் இருக்கு."

ராமதாஸ் கழுவாத கையோடு எழுந்துவிட்டார். குணாளன் அவர் முழங்கையைப் பிடித்தான்.

"அப்பா," என்றாள் நிரோஷா. "எனக்குப் பசிக்குது."

"சாப்பிடன் பிள்ளை. ஆர் மறிச்சது?"

"சின்ன வயசில இருந்து பசிக்குது அப்பா. விழுங்கினால் நெஞ்சுக்குள்ள என்னவோ பிடிச்சு நிப்பாட்டுது. நீங்கள் எல்லாரிட்டயும் பெருமையாச் சொல்லுவீங்கள். அதால நான் வாய் திறக்கேல்ல."

எத்தனை கல்யாணப் பந்தியில், எத்தனை கோயில் அன்னதானத்தில் அதைச் சொல்லியிருப்பார்! விநாசித்தம்பி மகளின் தட்டைப் பார்த்தார். பிறகு தனலெட்சுமியிடம் திரும்பினார்.

"தங்கச்சி, எந்த டாக்டரிட்டப் போறது?"

தனலெட்சுமி சொன்ன மருத்துவமனையில், ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் ஷாஹிரா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயில், வலக்கைக்குப் போகும் கிளை முதலாவதாக முளைத்திருக்க வேண்டும். நிரோஷாவுக்கு அது கடைசியில் முளைத்து, உணவுக்குழாய்க்குப் பின்னால் வளைந்து போய், அதை நெரித்துக்கொண்டிருந்தது. பலருக்கு இதனால் தொந்தரவே வராது. இவளுக்கு அறுவை செய்தே ஆக வேண்டும். அந்தக் கிளையை வெட்டி, கழுத்துக்குப் போகும் குழாயோடு முன்பக்கமாக வைத்துத் தைப்பார்கள். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

"இது எந்தப் பக்கத்தால வந்தது? என்ர பக்கமோ, மனிசி பக்கமோ?"

"யார் பக்கமும் இல்லை, அங்கிள். கருவில் ரத்தக்குழாய்கள் உருவாகும்போதே சிலருக்கு இப்படி அமைந்துவிடும்."

அதை எழுதித் தரச் சொன்னார் விநாசித்தம்பி. டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

மகள் கோலாலம்பூரில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்வதாகத்தான் அவர் திட்டம். அறுவை நடந்துகொண்டிருந்த காலையில் கோயில் செயலாளர் கார்த்திகன் போன் செய்தார். "ஐயா, நிரோஷாவை ரெண்டு வாரமாக் காணேல்லையே?"

விநாசித்தம்பி மூடிக்கிடந்த கதவைப் பார்த்தார். மகள் ஒரு பொய்யை இருபது வருஷம் அவருக்காகச் சுமந்திருக்கிறாள். இன்னொன்று எதற்கு?

"உள்ள ஒப்பரேஷன் நடக்குது. பிறவியிலேயே ஒரு ரத்தக்குழாய் பிசகிப் போயிருந்தது. கண்டுபிடிச்சது என்ர சம்பந்தி. பிள்ளையின்ர பேரில ஒரு அர்ச்சனை செய். ஆர் கேட்டாலும் இதையே சொல்லு."

'சம்பந்தி' என்றது பக்கத்தில் இருந்த தனலெட்சுமிக்குக் கேட்டது. அவர் தன் பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றி நீட்டினார். மூன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் ஷாஹிரா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அதே ஆறு பேர், அதே மேசை. நிரோஷாவின் காறை எலும்புக்கு மேலே விரல் நீளத் தழும்பு. அவள் அதை மறைக்கவில்லை. ராமதாஸ் கோழிக்குக் கை நீட்டினார், கிண்ணம் காலி. விநாசித்தம்பி "மெல்ல, மெல்லப் பிள்ளை" என்று தொடங்கியவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் ஒரு வாயை முப்பது தரம் மென்று முடிப்பதற்குள், அவர் தட்டிலிருந்த பொரித்த இறால் மகளின் வாய்க்குள் போயிருந்தது.

"என்ன மாமா, நாலு தலைமுறை ஒழுக்கம்?" என்றான் குணாளன்.

"அஞ்சாவது தலைமுறைக்குப் பசி, தம்பி. பேசாமல் சாப்பிடும்."

அன்று மணப்பெண் ஒன்பது இடியப்பம் சாப்பிட்டாள் என்று புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கதை உலவுகிறது. அது தவறு. பதினொன்று. எண்ணியவர் விநாசித்தம்பி.