விளக்குமாற்றுக்கு வந்த வெட்கம்

காலை ஏழரை மணிக்கு மருத்துவமனைத் தேநீர் அறையில் உட்கார்ந்து, வெஜிமைட் தடவிய ரொட்டியைக் கடித்தபடியே, அங்கே வாயுக் குழாய்களைப் பராமரிக்கும் ரஸல் டன்பி, அன்றைய சோதனைத் தாளின் பதினொரு கட்டங்களுக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டான். எழுந்துபோய் ஒரு குழாயையும் பார்க்கவில்லை. மூன்று வாரமாக இதே கதைதான்.

கெரிகன் பே ஊருக்கே அந்த மருத்துவமனையின் ஸ்கேன் இயந்திரம் என்றால் பெருமை. கடுங்குளிரில் மட்டுமே வேலை செய்யும் அதன் மீக்கடத்திக் காந்தத்தைத் திரவ ஹைட்ரஜன் குளிர்விக்கிறது. ஆவியாகும் வாயுவும் வீணாகாது; வெளிக் குழாய் வழியே போய் மின்சாரமாகி டயாலிசிஸ் வார்டை ஓட்டுகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டால் பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது, கிட்டே போகும்வரை சூடும் உறைக்காது. வெப்பம் காட்டும் கேமரா பழுதுக்குப் போனதிலிருந்து, ரஸல் தினமும் விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு குழாயோரம் நடக்க வேண்டும் என்பது உத்தரவு. குச்சி கருகினால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன மாப்ளே, விளக்குமாத்துல ஏறிப் பறக்கக் கிளம்பிட்டியா? சூனியக்காரி தொப்பியை எங்க விட்ட?" என்று கூட வேலை செய்பவர்கள் கலாய்த்தார்கள். ஐம்பது வயது ஆளுக்கு வரக்கூடாத இடத்தில் ரோஷம் வந்தது. விளக்குமாறு மூலைக்குப் போனது.

அன்று பத்து மணிக்கு, தோட்டம் பெருக்கும் லோசலீன், குழாய்ச் சந்தில் சிக்கிய பாட்டில்பிரஷ் பூக்களை எடுக்கக் கையை விட்டாள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அவள் சட்டைக் கை பற்றி எரிந்தது. அலறல் கேட்டு ஓடிவந்த ரஸல் வாயுவை நிறுத்தி, கோட்டைப் போர்த்தித் தீயை அணைத்தான். எல்லாரும் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

மறுநாள் மேலாளர் கெய்லீன் கூப்பிட்டாள். "உன் தாள்ல எல்லாம் சரியா இருக்கு ரஸ். அப்போ அந்தம்மாதான் எதையோ இடிச்சு உடைச்சிருக்கணும். அவங்கள வேலையை விட்டு அனுப்பற மாதிரிதான் இருக்கும்."

ரஸல் நேரே தீக்காய வார்டுக்குப் போனான். லோசலீனுக்கு முழங்கை வரை கட்டு.

"வா ரஸ். நீ இல்லேன்னா நான் போயே போயிருப்பேன். ரொம்ப நன்றிப்பா."

அந்த நன்றிதான் அவனால் தாங்க முடியவில்லை. "நன்றி சொல்லாத லோசா. நான் நடக்கவே இல்ல. விளக்குமாத்தோட போனா சிரிக்கிறாங்கன்னு, உக்காந்த எடத்துலயே கையெழுத்துப் போட்டேன்."

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே நடந்திருப்பேனே ரஸ். என் கையில விளக்குமாறு இருந்தா யாரு சிரிக்கப் போறா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அழுதுகொண்டே திரும்பி வந்தான். தேநீர் அறையில் கெய்லீனும் மற்றவர்களும் இருந்தார்கள். மூன்று வாரத் தாள்களையும் மேசையில் போட்டான்.

"அவ எதையும் இடிக்கல. பாக்காமலே 'பாத்தேன்'னு நான் போட்ட கையெழுத்துதான் அவ கையை எரிச்சுது. அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

ரஸல் கலாய்த்தவர்களைப் பார்த்துச் சொன்னான்:

"நாலு பேர் சிரிப்பாங்கன்னு செய்ய வேண்டிய வேலையை விடறவன், அடுத்தவங்க உடம்புல தீ வைக்கிறான்."