அவள் உட்கார்ந்தேன்

1

இந்தக் கதை எனக்குக் குளியலறைத் தரையில் தோன்றியது. தரை குளிர்ச்சியாக இருந்ததால் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு வாந்திக்கும் அடுத்த வாந்திக்கும் நடுவே, கதை எழுதுகிற ஒருத்தி செய்யக்கூடியது அதிகமில்லை. சுவரைப் பார்க்கலாம், அல்லது ஒரு பெண்ணைக் கற்பனை செய்யலாம். சுவரை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயிண்ட் கடையில் வேலை கொடுத்தேன். வருகிறவர்கள் அட்டையில் விரல் வைத்துக் காட்டும் நிறத்தை வெள்ளை பெயிண்டில் சொட்டுச் சொட்டாகக் கலந்து தரும் வேலை. எந்த வாசனையும் ஆகாத நிலையில் இருப்பவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது கொடுமைதான். ஆனால் கதை என்றால் யாராவது கஷ்டப்பட வேண்டும். அது நானாக இல்லாமல் இன்னொருத்தியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

(கடைசி வாக்கியத்தை அடித்துவிடப் பார்த்தேன். இருக்கட்டும், பிறகு தேவைப்படும்.)

2

முதல் தொடக்கம்: “அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.”

மோசமில்லை. ஆனால் ஏதோ வெளியூர்ப் பயணம் தள்ளிப்போனது போல் இருக்கிறது.

அடுத்தது: “அவள் முழுகாமல் இருந்தாள்.”

இன்றைக்கு இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவள் குளிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். குளித்தாள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. சோப்பு மட்டும் போடவில்லை. சோப்பை எடுத்தாலே குமட்டியது.

பிறகு இப்படி எழுதினேன்: “அவள் உண்டாகியிருந்தாள்.”

இங்கே கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் இந்தச் சொல்லைக் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிறேன், உற்றுப் பார்த்ததில்லை. உண்டானது உள்ளே இருப்பது அல்லவா? மொழி அப்படிச் சொல்லவில்லை. அவள்தான் உண்டாகியிருக்கிறாள். அப்படியானால் இதுவரை இருந்தவள் யார்? உள்ளே இருப்பது நிலைக்காமல் போனால், உண்டானவள்

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.]

3

மருத்துவர் ஸ்கேன் திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை. ஒரு கையால் என் வயிற்றின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டே, மறு கையால் எதையோ அளந்தார். என் கணவர் சுவரோரம் நின்று, மின்விசிறி சுவிட்சை முக்கியமான ஒன்றைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரு வளர்ற பை தெரியுது. இதயத் துடிப்பு இன்னும் தெரியல. கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டீங்க போல. ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கலாம்.”

“அப்பத் தெரிஞ்சுடுமா டாக்டர்?”

“பாக்கலாம்மா.”

ஒரே சொல்தான். முதல் ‘பாக்கலாம்’ ஒரு தேதி. இரண்டாவது ‘பாக்கலாம்’ என்னவென்று வீடு வந்து சேரும் வரை யோசித்தேன்.

ஆம், மருத்துவரிடம் போனது பெயிண்ட் கடைக்காரி இல்லை, நான்தான். கதையில் எனக்குப் பதிலாக அவளை அனுப்பியிருந்தேன். துடிப்பு வராமல் போனால், அது அவளுக்கு வராமல் போகட்டும் என்பதுதான் என் கணக்கு.

4

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா போனில் “என்னடி, ஏதாவது விசேஷம் உண்டா?” என்று வழக்கம்போலக் கேட்டதற்கு, “உண்டே, புது மிக்ஸி வாங்கியிருக்கோம்” என்றேன். “உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு” என்று வைத்துவிட்டாள்.

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். சட்டையில் எப்போதும் கிரீஸ் வாசனை இருக்கும். இப்போதெல்லாம் வீட்டு வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். நான் எழுதியதை என்றைக்கும் படிக்காதவர், ஒரு நாள் பனியனோடு என் பின்னால் நின்று கணினித் திரையைப் படித்தார்.

“இவளுக்குப் புருஷனே இல்லையா?”

“இருக்காரு. கதையில வரல.”

“ஏன், லீவு கிடைக்கலையா?”

“சும்மா இரு.”

“சரி, எதுக்கு அவளப் பெயிண்ட் கடையில தள்ளின? பூக்கடை ஒண்ணும் அம்புடலையா உனக்கு?”

“பூ வாசனையும்தான் ஆகலையே.”

“யாருக்கு?”

நான் எழுதியதைக் கீழே நகர்த்தினேன். அவர் குனிந்து மேலும் படித்தார்.

“அவ பயப்படுறாளா?”

“ம்.”

“எனக்கும் பயமாத்தான் இருக்குன்னு அவகிட்டச் சொல்லிடு.”

சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார். என்னிடம் நேரே சொல்ல முடியாததைப் பெயிண்ட் கடைக்காரியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கதை எழுதுவதால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இனி என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

5

அவளை எனக்குப் பிடிக்காமல் போனது இதற்குப் பிறகுதான். ரொம்பத் தைரியசாலியாக இருந்தாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கடல் நீலத்தைப் பிசகில்லாமல் கலந்தாள். அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தவள் மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குகிறாள். தண்ணீர் குடித்தால் நாக்கில் பழைய சாவியை வைத்தது போல் ருசிக்கிறது. கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதலில் உள்ளாடையைப் பார்க்கிறாள், கறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடுகிறாள். ஒரு நாள் காலையில் குமட்டல் இல்லை. பல் தேய்த்தேன், சும்மா இருந்தது வயிறு. உடம்பு சரியாகிவிட்டதே என்று குலை நடுங்கியது. பகல் முழுக்க நல்லபடியாக இருந்து தொலைத்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினார்கள். ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாந்தி எடுத்துக்கொண்டே சிரித்தேன்.

(இந்தப் பத்தி ‘அவள்’ என்று தொடங்கி ‘நான்’ என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். இதை வேண்டுமென்றே செய்தேன். அடுத்து வருவதை வேண்டுமென்று செய்யவில்லை.)

6

கதையை முடிக்காமலேயே பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன், கடைசிப் பத்தி பின்னால் வரும் என்ற குறிப்போடு. அங்கே மெய்ப்புப் பார்ப்பவரை நாங்கள் கமா அக்கா என்போம். வைத்த கமாவைப் பிடுங்குவார், வைக்காத இடத்தில் நடுவார். அவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, ரெண்டாவது பக்கத்துல ஒரு ‘ஏன்’ வழி தெரியாம வந்து உக்காந்திருக்கு.”

“எந்த ‘ஏன்’ அக்கா?”

“கேளு. ‘டப்பாவைத் திறந்ததும் அவள் வெளியே ஓடிவந்து படியில் உட்கார்ந்தேன்.’ நல்லாருக்கே கூத்து! ஓடி வந்தது அவ, உக்காந்தது நீயா?”

“கை தவறிடுச்சுக்கா. ‘உட்கார்ந்தாள்’னு மாத்திடுங்க.”

“மாத்துறது என் வேலை, அத விடு. எத்தன மாசம்?”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

“யார்கிட்டயும் சொல்லலக்கா.”

“நான் மட்டும் சொல்லப் போறேனா? எழுதுறவங்க பிழையெல்லாம் வெளிய சொல்லியிருந்தா இந்த ஊர்ல பாதிப் பேரு தலை நிமிர முடியாது.”

சிரித்தேன், உடனே அழுதேன். துடிப்பு தெரியாததைச் சொன்னேன். எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிடவும் இல்லை.

“கடைசிப் பாராவுக்கு இடம் விட்டு வைக்கிறேன். பாத்துட்டு வந்தே எழுது. எப்படி இருந்தாலும் எழுது. அந்த ‘ஏன்’ன மாத்தவா, விடவா?”

அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

நம் வினைச்சொல்லில் ஒளிந்துகொள்ள இடமில்லை. எழுவாயை மறைக்கலாம், பெயரை மறைக்கலாம். ஆனால் வாக்கியம் முடிகிற இடத்தில், வினையின் வாலில், செய்தவர் உட்கார்ந்தே இருக்கிறார். ‘ஆள்’ என்று முடித்தால் இன்னொருத்தி, ‘ஏன்’ என்று முடித்தால் நான். இன்னொருத்தி முழுசாக ஓர் ஆள். நான் மட்டும் ஒரு கேள்வி.

அன்றைக்கே கதையைத் திரும்ப எடுத்து, பெயிண்ட் கடைக்காரிக்கு விடுப்புக் கொடுத்து அனுப்பினேன். இதுவரை நீங்கள் படித்தது அவள் போன பிறகு எழுதியது.

7

இப்போது காத்திருக்கும் அறையில் இருக்கிறேன், போனில் தட்டிக்கொண்டு. நாற்காலிகள் ஒன்றோடொன்று இணைத்தவை. யார் காலை ஆட்டினாலும் வரிசையே ஆடுகிறது. ஆட்டுவது என் கணவர்தான்.

நேற்று இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்புகிறார். சாம்பல் நிறத்துக்குள் ஓர் அரிசி அளவு ஏதோ விட்டு விட்டு மினுங்குகிறது. “இதோ” என்கிறார்.

இன்னொன்றில் திரையைத் திருப்பாமல், நாற்காலியை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொள்கிறார். “உட்காருங்க” என்று என் கணவரிடம் சொல்கிறார்.

இரண்டுமே நன்றாக வந்திருந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் அழித்துவிட்டேன்.

பார்த்துவிட்டு வந்து எழுதச் சொன்னார் கமா அக்கா. அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் பார்த்த பிறகு எழுதினால், இந்த வாரங்கள் எல்லாம் அந்த முடிவுக்கு முன்னுரையாகிவிடும். நல்லதாக முடிந்தால் நான் பட்ட பயத்தைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். இல்லாவிட்டால் நான் சிரித்ததைக்கூட மன்னிக்கத் தோன்றாது, எனக்கே. இந்த நாட்களில் நான் பயந்தேன், சிரித்தேன், ஒன்றை அது இருக்கிறதா என்று தெரியாமலேயே கூட வைத்துக்கொண்டு நடந்தேன். இது எதற்கும் முன்னுரை இல்லை. அதனால் உள்ளே போவதற்கு முன்பே அனுப்பிவிடப் போகிறேன். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது எனக்குத் தெரிந்திருக்கும். இதை எழுதுகிறவளுக்குத் தெரியாது, அவளைத் திருத்த மாட்டேன்.

கதவு திறக்கிறது. கூப்பிடுகிறார்கள்.

“முடிச்சிட்டியா?” என்கிறார் என் கணவர்.

“இல்ல.”

“அப்ப அப்படியே அனுப்பு. வா.”

அனுப்பிவிட்டு எழுந்தேன்.

உண்மையில் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். ‘எழுந்தேன்’ என்ற அந்த வரியை எழுதாமல் அனுப்ப முடியாது, அனுப்பிய பிறகு எழுத முடியாது. நடுவில் இருக்கும் இந்த ஒரு மூச்சை மட்டும் உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளுங்கள்.