பாதியாய்ச் சுண்டிய தண்ணீர்

மாசாணத்துக்குத் தன் பெண்டாட்டியைப் பற்றிப் பீற்றிக்கொள்வதில் கொள்ளைப் பிரியம். டெம்போ ஓட்டுகிறவன், ஸ்டாண்டில் ஆரம்பித்தான் என்றால் ஓயமாட்டான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முன்னாலும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை.

"கொளந்தைக்கு எந்தத் தண்ணிங்க குடுக்கறீங்க?" என்று டாக்டர் இஸ்மத் கேட்டார்.

"கெணத்துத் தண்ணிதானுங்க. ஆனா சும்மா இல்லீங்க. எம் பொண்டாட்டி சின்னத்தாயி ஒரு குண்டாத் தண்ணிய அரைக்குண்டாவா சுண்டற மட்டும் காச்சித்தான் குடுப்பா. நாங்கெல்லாம் பச்சத்தண்ணிதானுங்க, புள்ளைக்கு மட்டும் காச்சுனது. அப்பிடிப் பாத்துக்கறவ இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்லீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

நாலு வயசு கயல்விழி போன வருசம் வரைக்கும் வாயாடி. தெருவில் போகிற ஆட்டுக்குட்டியைக் கூட விடாமல் கூப்பிட்டு நிறுத்தி வம்பளப்பாள். அப்புறம் ஓயாத வயிற்றுவலி. சோறு இறங்கவில்லை, முகம் வெளுத்துப்போனது. நடந்தால் தடுக்கினாள். பேச்சும் ஒவ்வொன்றாய்க் கழன்றது. கடைசியாய் மிஞ்சியது 'அப்பா'. அதுவும் தையில் போய்விட்டது. மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள். எதற்கும் கேட்கவில்லை. கடைசியில்தான் இந்த டாக்டரம்மா ரத்தத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு அன்றைக்குத்தான் வந்திருந்தது. ரெண்டிலும் ஈயம்.

கிணற்றுக்குப் பக்கத்துக் காட்டில் பழைய பேட்டரி உடைக்கிற ஷெட் வந்து மூணு வருசம் ஆகிறது. தகட்டை உருக்கி ஈயம் எடுப்பார்கள். ஆசிட்டை வேலியோரமாய் ஊற்றிவிடுவார்கள். புகைக்கு எல்லாரும் திட்டினார்கள். கிணற்றை யார் நினைத்தார்கள்? தண்ணீர் கண்ணாடியாட்டம் அல்லவா இருந்தது! மஞ்சக்காமாலை வந்த வருசம், கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி நர்சம்மா வீடு வீடாய்ச் சொல்லிப்போனார். சின்னத்தாயி எதையும் அரைகுறையாய்ச் செய்கிறவள் இல்லை. கசாயம் போலச் சுண்டக் காய்ச்சினாள். பிள்ளைக்கு முடியாமல் போகப் போக, இன்னும் கொஞ்சம் சுண்டவிட்டாள்.

"ஈயம் கிருமி இல்லீங்க, கொதிக்க வெச்சாச் சாகறதுக்கு," என்றார் டாக்டர். "தண்ணிதான் ஆவியாப் போகும். ஈயம் அப்பிடியே குண்டாலயே நிக்கும். பாதியாச் சுண்டுனா ரெண்டு பங்கு ஆயிரும். பெரியவங்கள விடக் கொளந்தைங்க ஒடம்புதான் அத அதிகமா இழுத்துக்கும். எலும்புல போய்க் குந்திக்கும். மண்டைக்கும் ஏறும்."

மாசாணம் நாற்காலி நுனிக்கு வந்தான். "ஷெட்ட மூடச் சொன்னா…?"

"மூடுனாலும் மண்ணுல ஊறுனது ஊறுனதுதானுங்க. அந்தத் தண்ணிய இன்னியோட நிறுத்துங்க. கொளந்தைக்கு ஊசி போட்டு ரத்தத்துல இருக்கறதக் கொஞ்சம் எறக்கலாம்."

"பேச்சு வந்துருமுங்களா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அந்தப் புண்ணியவதி. சொல்லவில்லை. "தெரியலீங்க," என்றார்.

வீட்டுக்கு வந்தவன், ஷெட்டு ஈயத்தால் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று மட்டும் சொன்னான். மற்றதை முழுங்கிவிட்டான். எப்படிச் சொல்வான்? எந்தப் புருசனால் சொல்ல முடியும்? டவுனிலிருந்து கேனில் சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினான். சின்னத்தாயி அதையும் பாதியாய்ச் சுண்டக் காய்ச்சினாள். அவன் தடுக்கவில்லை, அந்தத் தண்ணீரால் கெடுதல் இல்லை.

ஊர் என்ன பண்ணும்? அத்தனை வீட்டுக்கும் ஒரு டெம்போ தண்ணீர் சுமக்குமா? பஞ்சாயத்தில் முறையிட்டார்கள். ஷெட்டுக்காரன் வந்தான், எல்லார் முன்னாலும் கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு மடமடவென்று குடித்தான். "நான் செத்தா போயிட்டேன்?" என்று மீசையைத் துடைத்துக்கொண்டான். படுபாவி! ஒரு சொம்பில் யார் சாகிறார்கள்? ஆனால் கண்ணால் பார்த்ததற்கு மேல் ஊருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? மறுபடி கிணற்றில் வாளி இறங்கியது.

ஊசி போட்டு வந்தும் கயல்விழி வாய் திறக்கவில்லை. ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பங்காரம்மா தன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ராவெல்லாம் வயித்தப் புடிச்சுட்டு அழுகறானுங்க. கெணத்துத் தண்ணிய உட்டா எனக்கு வேற கதி?"

"அதுக்கு ஏன் அம்மணி அழுகறே?" என்றாள் சின்னத்தாயி. "பாதியாச் சுண்டக் காச்சிக் குடு. எங் கயலு இன்னிக்கு உசுரோட இருக்கறதே அதுனாலதான். இல்லீங்க?" என்று புருசனைப் பார்த்துச் சிரித்தாள்.

மாசாணம் தின்றுகொண்டிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். பங்காரம்மா, இப்போதே போய் அடுப்புப் பற்ற வைக்கிறவளாய்த் திரும்பினாள். அந்தப் பிள்ளை அவள் தோளில் சிணுங்கியது.

"காச்சாதீங்க," என்றான்.

"ஆம்பளைக்கு அடுப்பப் பத்தி என்னங்க தெரியும்? நீ போ அம்மணி…"

"காச்சாதீங்கன்னு சொல்றனில்ல!" கத்திவிட்டான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காச்சறதுல தண்ணிதான் போகுது. ஈயம் நிக்குது. சுண்டச் சுண்ட வெசம் கூடுது. டாக்டரம்மா சொன்னாங்க."

பங்காரம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள்.

சின்னத்தாயி அடுப்பின் முன்னால் அப்படியே நின்றாள். அழுவாள், மார்பில் அடித்துக்கொள்வாள், தன்னைத் திட்டுவாள் என்று மாசாணம் காத்திருந்தான். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது.

"அன்னிக்கே சொல்லிப்போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

கயல்விழி உள்ளேயிருந்து தடுமாறி வந்தாள். தாகம் எடுத்தால் இப்போதெல்லாம் டம்ளரைத்தான் நீட்டுவாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, டம்ளரை நீட்டினாள்.

"நல்ல தண்ணிதான் புள்ள அது. சிறுவாணி. குடு," என்றான் மாசாணம்.

சின்னத்தாயி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீங்களே குடுங்க," என்றாள்.