கல்லறைத் திருநாளில் வாசித்த பெயர்

ஷாலுவுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு கையெழுத்து. பெண்கள் விடுதியில் இடம் கேட்டு ஆறு மாதம் மனுவும் கையுமாக அலைந்திருந்தாள். திருநங்கை அட்டையைக் காட்டி வாதாடி வாதாடி, கல்லூரியை ஒருவழியாக இறங்கி வர வைத்தாள். ஆனால் திங்கட்கிழமைக்குள் பெற்றவர்கள் யாராவது படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பத்தொன்பது வயதில் ஓட்டுப் போடலாம், விடுதியில் பாய் விரிக்க மட்டும் அம்மா சம்மதம் வேண்டும். என்ன கண்றாவி விதியோ. எண்ணூரில் இருந்த அறையை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். விடுதியும் இல்லையென்றால் தெருதான், படிப்பும் அத்தோடு சரி.

அப்பா இல்லை. அம்மா பிலோமி ராயபுரத்தில் இறால் உரிக்கப் போகிறவள். ஒரே மகன் நோயல் ஷாலுவாகி வீட்டை விட்டுப் போன இந்த இரண்டு வருடமும், அவன் துபாயில் வேலை பார்ப்பதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆனாலும் போனில் கேட்டதும் மறுக்கவில்லை. "ஞாயித்துக்கெழம மத்தியானமா வூட்டாண்ட வா, போட்டுத் தரேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் ஷாலுவுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அந்த ஞாயிறு கல்லறைத் திருநாள். அம்மாவைப் பூசையிலேயே பார்த்துவிடும் ஆசையில், காலையிலேயே முக்காடு போட்டுக்கொண்டு கோவிலின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குடும்பங்கள் எழுதிக் கொடுத்த இறந்தவர்களின் பெயர்களை ஃபாதர் வரிசையாக வாசித்தார்.

"பிலோமி குடும்பத்தில், மகன் நோயல்."

ஷாலு முக்காட்டை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனால், துக்கம் கேட்கத் தெருவே கூடியிருந்தது. இரண்டு வருடத்தில் முடி வளர்ந்து ஆளே மாறியிருந்தவளைப் பக்கத்து வீட்டு ஜெயக்கொடிக்கு அடையாளம் தெரியவில்லை. "நீ யாரும்மா?" என்றாள்.

பிலோமிதான் பதில் சொன்னாள். "நோயலு கூடப் படிச்ச பொண்ணு."

அம்மா வாயால் தன்னைப் பொண்ணு என்று சொல்லி ஷாலு கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுப்படிக்கு இழுத்துப்போய் அம்மா கிசுகிசுத்தாள். "எப்போ வருவான், எப்போ வருவான்னு ஒரே பேஜாரு பண்ணிகினு இருந்தாங்கோ. போய்ட்டான்னு சொல்லிட்டா உன்ன யாரும் தேடமாட்டாங்கோ, நீ நிம்மதியா இருப்பன்னு நெனச்சேன்."

ஷாலு படிவத்தை நீட்டினாள். "கையெழுத்தும்மா."

பேனாவை வாங்கிய பிலோமி தயங்கினாள். "இத போட்டா வூட்டாண்ட வந்து விசாரிப்பாங்களா?"

"வருவாங்க."

"எனக்கு ஒரே புள்ளன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் பூச வச்சுட்டேன். இப்ப உன்ன யாருன்னு சொல்லுவேன்?"

படிவத்தை மடித்து ஷாலுவின் பையிலேயே திரும்ப வைத்தாள். இப்படி ஒரு புத்தி கெட்ட பாசம். அழுதுகொண்டே, "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றாள்.

வெளியே வந்த ஷாலுவின் கையில் ஜெயக்கொடி டீ கிளாஸைக் கொடுத்தாள். அதைப் பிடித்தபடியே அவள் உடைந்து அழுதாள். ஜெயக்கொடி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"பாவம், கூடப் படிச்சவளுக்கே இவ்ளோ துக்கம் கீது. பெத்தவ எப்டி தாங்குவா" என்று சொல்லிவிட்டு, பிலோமியைத் தேற்ற உள்ளே போனாள்.